மஜ்ஜையிலேயே மடக்கும் மாத்திரை
கிருமியைக் கொல்ல வரும் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் எலாஸ்டேஸ் என்னும் நொதியைக் கொட்டுகின்றன. மூச்சுக்குழல் விரிவு நோயில் அது குழலின் சுவரையும் சேர்த்து அரிக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்த பிரென்சோகாடிப் மாத்திரை, நுரையீரலில் அந்த நொதியைத் துரத்துவதில்லை. எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணு முதிரும்போதே அந்த நொதியை முடுக்கிவிடும் டிபிபி-1 என்னும் மற்றொரு நொதியைத் தடுத்துவிடுகிறது. கெட்டிக்கார யோசனை! ஆனால் ஓராண்டுச் சோதனையில் நோய் திடீரெனத் தீவிரமாவது குறைந்தது சுமார் 20 சதவீதம்தான். அமெரிக்க விலையோ ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். இந்தியாவில் இந்நோயாளிகள் பலருக்குப் பழைய காசநோய் விட்டுச்சென்ற வடுவே காரணம். தினமும் காலையில் கிண்ணம் நிறையச் சளி துப்பும் அவர்களுக்கு, இந்த விலையில் இது மருந்தே அல்ல. காசநோய் மாத்திரை முடிந்ததும் கைகழுவிவிடாமல், சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியையும் ஃப்ளூ தடுப்பூசியையும் அரசு இப்போதே கொடுக்கலாமே.