வெரோனாத் திராட்சையும் நம்மூர்ப் பனையும்

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தான். பெயர் அமரோனே. இத்தாலியில் வெரோனா நகரத்தை ஒட்டிய வால்பொலிச்செல்லா என்ற மலையடிவாரப் பகுதியில் செய்தது. ஒரு குடும்பத்தின் சொந்தத் தோட்டம். பாட்டிலின் பின்பக்கத்துச் சீட்டில் அந்தக் குடும்பத்தின் பெயர், எத்தனை தலைமுறையாகத் தோட்டம் வைத்திருக்கிறார்கள், மலையின் எந்தச் சரிவு, எந்த வருடத்து அறுவடை என்று ஒரு சிறிய தலபுராணமே இருந்தது. சர்க்கரை வியாதிக்காரன் என்பதால் இரண்டு வாய்தான் எனக்குக் கிடைத்தது. நாவல் பழம், உலர்ந்த திராட்சை, முடிவில் நாக்கைப் பிடிக்கும் ஒரு துவர்ப்பு. நன்றாகத்தான் இருந்தது; பொய் சொல்வானேன்.

அதைச் செய்யும் விதத்தை அவன் சொன்னபோது எனக்கு உண்மையில் மரியாதை வந்தது. அறுத்த கொத்துகளை உடனே பிழிவதில்லை. முன்பெல்லாம் மூங்கில் தட்டிகளில், இப்போது தட்டுகளில், காற்றோட்டமான கொட்டகையில் மூன்று நான்கு மாதம் பரப்பி வைக்கிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வற்றிப்போகிறது. பிறகுதான் பிழிந்து புளிக்க வைத்து, இரண்டு வருடத்துக்குக் குறையாமல் மரப்பீப்பாயில் போடுகிறார்கள். சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் புளித்து சாராயச் சத்தாக மாறுவதால் இனிப்பு போய் லேசான கசப்பு நிற்கிறது. அமரோ என்றால் இத்தாலிய மொழியில் கசப்பு. பெயர் அதிலிருந்து வந்தது. சாராயச் சத்து 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எந்த ஊர், எந்தத் திராட்சை எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. 2010இல் இத்தாலி அரசாங்கம் இதற்குத் தன் மிக உயர்ந்த உத்தரவாத முத்திரையைக் கொடுத்தது.

அந்தப் பையன் மாதிரியே பலரும், இத்தாலி ஒயின் நம் பக்கத்துக்கு இப்போதுதான் வருகிறது என்று நினைக்கிறார்கள். இரும்பையிலிருந்து புதுச்சேரி தாண்டி அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போனால் அரிக்கமேடு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அங்கே கப்பலில் இத்தாலி ஒயின் வந்து இறங்கியது. 1944இல் மார்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைக் குடைந்தபோது ரோமானியச் சாடி ஒன்றின் உடைந்த துண்டைக் கண்டார். எங்கே கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டு 1945இல் அரிக்கமேட்டுக்கு வந்து தோண்டினார். பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. இரண்டு கைப்பிடி வைத்த சாடிகளின் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. எலிசபெத் லைடிங் வில் என்ற அம்மையார் அவற்றை ஆராய்ந்து, பல கிரேக்கத் தீவான கோஸிலிருந்தும், பல இத்தாலியின் கம்பானியா பகுதியிலிருந்தும் வந்தவை என்றார். வெசுவியஸ் எரிமலை இருக்கும் அதே கம்பானியா. இப்படிப்பட்ட ஒரு சாடி சுமார் 25 லிட்டர் பிடிக்கும். கசியாமல் இருக்க உள்ளே பிசின் பூசியிருப்பார்கள்.

அதே காலத்துக் கிரேக்க மாலுமியின் பெரிப்ளஸ் என்ற கையேடு, நம் கிழக்குக் கரையில் பொதுகே என்று ஒரு துறைமுகத்தைச் சொல்கிறது. அதுதான் இது என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் எல்லா ஒயினையும் விட இத்தாலி ஒயினுக்குத்தான் மதிப்பு என்றும் அதே கையேடு எழுதுகிறது. புறநானூற்றில் நக்கீரர் பாடிய 56ஆம் பாடலில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ வேண்டும் என்று வருகிறது. நான் இங்கே நிற்பது அந்தத் தேறல் என்ற சொல்லுக்காக. மூங்கில் குழாயில் ஊறவைத்த நம் மலைநாட்டுக் கள்ளின் தெளிவுக்கும் சங்கப் பாடல்களில் அதே சொல்தான். வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரு பேர், உள்ளூர்ச் சரக்குக்கு இளக்காரமாக இன்னொரு பேர் என்று அவர்கள் வைக்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய பாட்டே அவன் கொடுத்த கள்ளில்தான் தொடங்குகிறது.

இன்னொன்று. அரிக்கமேட்டில் கிடைத்த பளபளப்பான சிவப்புத் தட்டுகள் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்தவை. சிலவற்றில் செய்தவர்களின் பெயர் முத்திரை இருந்தது: விபி, கமுரி, இட்டா. ஒயின் சாடிகளிலும் அந்தப் பழக்கம் உண்டு. இத்தாலியின் மேற்குக் கரையில் தோட்டம் வைத்திருந்த செஸ்டியஸ் குடும்பம் தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சாடியின் வாயில் குத்தி அனுப்பியது. பிரான்சில் மார்செய் அருகே மூழ்கிக் கிடந்த கப்பலில் அந்தச் சாடிகள் குவியல் குவியலாக அகப்பட்டன. பெயரைக் குத்தியபிறகு சரக்கில் விஷமம் செய்ய முடியாது. செய்தால் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்று வாங்கியவனுக்குத் தெரியும்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். கடுவெளிச் சித்தர் கதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். நடனமாடியவளின் கழன்ற சலங்கையைக் கட்டிவிட்டவரை ஊர் சிரித்ததும், மாகாளேசுவரர் லிங்கம் மூன்றாகப் பிளந்ததும், இந்த மண்ணில் பச்சை முளைக்காது என்ற சாபமும். ஆரோவில் 1968இல் தொடங்கியபோது எடுத்த படங்களைப் பாருங்கள். வெட்டவெளிச் செம்மண், ஓடிப்போன மழைத் தண்ணீர் அறுத்த பள்ளங்கள், நடுவே அங்கங்கே நிற்கும் பனை. சாபத்துக்கும் கட்டுப்படாத மரம் அது ஒன்றுதான். அந்த இத்தாலிக்காரர் தன் சரிவின் மண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறார் என்றால், நம் மரமேறி தன் மண்ணைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம்.

அவரோ குற்றவாளி. 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், அதற்கு அனுமதி உண்டு. தடவாவிட்டால் கள், அதற்கு வழக்கு. மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒருவர். ஒரு விரல் சுண்ணாம்பில் சட்டம் மாறுகிறது. சில கிலோமீட்டர் தள்ளி எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியில் கள்ளுக்கடை நடக்கிறது. கேரளாவிலும் நடக்கிறது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் அரசாங்கமே சில்லறைக் கடை வைத்து 42.8 சதவீதச் சரக்கு விற்கிறது. பெரும்பாலும் கரும்பு ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்துக்கு நிறமும் வாசனையும் சேர்த்தது. கள்ளில் இருப்பது நாலைந்து சதவீதம். மாநில மரம் என்று பனைக்குப் பட்டம் கொடுத்திருக்கிறோம். 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். மரத்துக்குப் பாதுகாப்பு, அதில் ஏறுகிறவருக்குப் போலீஸ்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை என்றால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2023 மே மாதம் நம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். செத்தவர்கள் கூலிக்காரர்கள். அரசாங்கக் கடைச் சரக்கு விலை கட்டாமல் கிடைத்ததைக் குடித்தவர்கள். யார் காய்ச்சியது, எதில் கலந்தது, குடித்தவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பாக்கெட்டில் யார் பெயரும் இல்லை.

கள்ளைத் திறந்துவிட்டால் அதிலும் மயக்க மாத்திரை கலப்பார்கள் என்று சொல்வார்கள். கலந்தார்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எப்போது கலந்தார்கள்? கடையைப் பெரிய தொகைக்கு ஏலம் எடுத்த குத்தகைக்காரர், நூறு மரத்துக் கள்ளை ஒரே தொட்டியில் கொட்டி, போட்ட பணத்தை எடுக்கப் பார்த்தபோது. அந்த ஏல முறை திரும்பி வரவே கூடாது என்பதுதான் என் கட்சியும். அனுமதியைக் கடைக்குக் கொடுக்க வேண்டாம். மரத்துக்கும் அதில் ஏறும் குடும்பத்துக்கும் கொடுக்கட்டும். ஒரு குடும்பத்துக்கு இத்தனை மரம், ஒவ்வொன்றிலும் எண், கலயத்தில் பெயர். இறக்கியதை அன்றைக்கே, அந்தத் தோப்பிலேயே விற்க வேண்டும். மிச்சத்தை வினிகராக்கட்டும். வால்பொலிச்செல்லாவில் சட்டம் செய்வதும் இதைத்தானே: இன்னார், இந்த இடம், இந்த முறை.

கள் உணவு, மருந்து என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. என் அம்மா தலைமுறைப் பெண்களிடம் பழைய கள்ளுக்கடைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். கூலி வாங்கிய கையோடு கடைக்குள் போனவனையும், வீட்டில் உலை வைக்காமல் காத்திருந்தவளையும் அவர்கள் மறக்கவில்லை. வீடு வீடாக அந்தக் கஷ்டத்தைப் பார்த்தவர்கள் தடையை வரவேற்றதில் தப்பில்லை. ஆனால் தடை வந்து இத்தனை வருடத்தில் அந்தப் பெண்களின் மருமகள்களுக்கும் பேத்திகளுக்கும் கிடைத்தது நாலைந்து சதவீதத்துக்குப் பதில் 42.8. இதை எந்தக் கணக்கில் சீர்திருத்தம் என்று வைப்பது?

இத்தாலிக்காரரிடம் நாம் கடன் வாங்கக் கூடாத ஒன்றும் உண்டு. அவருடைய ஒயின் பாட்டிலில் வருடக்கணக்கில் இருக்கும், கப்பலேறும், விலை ஏறும். கள் காலையில் இனிக்கும், மத்தியானம் உறைக்கும், சாயங்காலம் புளித்து மூக்கைத் துளைக்கும். அதை டின்னில் அடைத்து ஏற்றுமதி செய்து கோடி சம்பாதிக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டால், முதலில் காணாமல் போவது மரமேறிதான். நான் கேட்பது சின்ன விஷயம். அவர் திருடனைப்போல விடியுமுன் ஏறி இறங்காமல், வெளிச்சத்தில் ஏறட்டும்.

செய்வதாக இருந்தால் சீக்கிரம் செய்ய வேண்டும். அலகுப்பனையின் பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதம் பார்ப்பது, நாள்தோறும் நூல் கனத்துக்குச் சீவுவது, பருவப்பனைக்கு அதை வேறு விதமாகச் செய்வது எல்லாம் கூடவே ஏறிப் பழகினால்தான் வரும். வானூர் வட்டாரத்தில் இப்போது ஏறுகிறவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவரையும் நான் பார்க்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பதநீர் கொண்டுவருகிறவருக்கு அறுபத்திரண்டு. அவருடைய மகன் சென்னையில் கார் ஓட்டுகிறான்.