டில்லிக்குப் போகும் அறிக்கை கரிசலுக்கும் வரட்டும்

தூத்துக்குடி மாவட்டத்து மானாவாரி விவசாயிக்கு ஆண்டு தொடங்குவது புரட்டாசியில். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பகுதிக் கரிசலில் உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுபவை. தை, மாசியில் கண்டுமுதல் வீட்டுக்கு வந்தால் கணக்கு முடிந்தது. டில்லியில் அரசுப் பணத்துக்கு ஆண்டு தொடங்குவது ஏப்ரல் முதல் தேதி. முடிவது மார்ச் 31. விவசாயியின் பெயரைச் சொல்லி நடக்கும் ஆராய்ச்சிகள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் சிக்கிக்கொண்டு படும் பாடு வெளியே அதிகம் தெரிவதில்லை.

கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1901ஆம் ஆண்டு. 1971இல் கோயமுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பிறகு அது பல்கலைக்கழகத்தின் நிலையமாயிற்று. அகில இந்திய மானாவாரி ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் ஒன்றும் அங்கே இருக்கிறது. கே 2 மிளகாய், கே 8 சோளம் என்று விவசாயிகள் சொல்லும்போது வரும் ‘கே’ என்பது கோவில்பட்டியைத்தான் குறிக்கும். விதையைக் கடினப்படுத்தி, மழை விழுமுன்னரே காய்ந்த மண்ணில் விதைத்துவிடும் முறையைக் கரிசல் விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னதில் அந்த நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே ஆராய்ச்சியால் பயன் ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த ஆராய்ச்சிகளுக்குப் பணம் எப்படி வருகிறது? அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டங்களுக்கு, பல்கலைக்கழகங்களில் ஆகும் செலவில் முக்கால் பங்கை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும், கால் பங்கை மாநிலமும் ஏற்பது வழக்கமான முறை. இது போக, ஒவ்வொரு விஞ்ஞானியும் மத்திய அரசின் பல துறைகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பித்துத் திட்டங்களைப் பெறலாம். அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை என்று வாசல்கள் பல. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்ற புதிய வாசலும் திறந்திருக்கிறது.

வாசல் எதுவானாலும் வழி ஒன்றுதான். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கருவிக்கு இவ்வளவு, ஆய்வு உதவியாளர் சம்பளத்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, சில்லறைச் செலவுக்கு இவ்வளவு என்று இனம் பிரித்துக் காட்ட வேண்டும். துறைத் தலைவர், முதல்வர், பல்கலைக்கழகத் தலைமையிடம் என்று படிப்படியாகக் கையெழுத்து வாங்கி டில்லிக்குப் போக வேண்டும். அங்கே நிபுணர் குழு பரிசீலிக்கும். ஒப்புதல் ஆனால் பணம் தவணை தவணையாக வரும். முதல் தவணைக்குச் செலவுக் கணக்கும் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழும் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இந்தச் சான்றிதழுக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. செலவழியாத பணம் எவ்வளவு, அதற்கு வட்டி எவ்வளவு என்பதற்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கண்டிப்பைக் குறை சொல்வதற்கில்லை. மக்கள் வரிப்பணம், காசுக்குக் காசு கணக்கு வேண்டியதுதான். குறை, காலத்தில் இருக்கிறது. புதூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், தம் நிலத்தில் ஓர் ஏக்கரைப் பரிசோதனைக்கு விடச் சம்மதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆவணியில் வந்து மண் எடுத்துப் போகிறார்கள். புரட்டாசிக்குள் விதையும் இடுபொருளும் வந்துவிடும் என்கிறார்கள். அடுத்த தவணைப் பணம் ஐப்பசி பாதியில்தான் வருகிறது. அதற்குள் அண்டை நிலங்களில் பயிர் நாலு இலை விட்டுவிட்டது. கரிசலில் இரண்டு வாரம் பிந்திய விதைப்பு என்றால், பூக்கும் சமயத்தில் நிலத்தில் ஈரம் இருக்காது. காத்திருந்து விதைத்தவருக்கு அந்த ஏக்கரில் பாதி மகசூல். காத்திராமல் தம் கைவிதையைப் போட்டுவிட்டவருக்குத் தப்பித்தது நிலம். திட்டத்துக்குப் போயிற்று ஒரு பருவம்.

திட்டமோ பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத்தான். அதில் ஒரு புரட்டாசி போய்விட்டால் மிச்சம் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றில் மழை பொய்த்துவிட்டால், ஒரே ஒரு பருவத்து மகசூலை வைத்துக்கொண்டு முடிவுரை எழுத வேண்டியிருக்கும். ஆனால் பணம் மட்டும் மார்ச் 31க்குள் செலவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு எழுத வேண்டும். வயலில் செலவழிக்க முடியாத பணத்தைக் கருவி வாங்கிச் செலவழிப்பது சுலபம். அரசு அலுவலகங்களுக்குப் புதுக் கணினிகள் மாசி, பங்குனியில் வந்து இறங்குவது நல்ல நாள் பார்த்து அல்ல.

மானாவாரி ஆராய்ச்சிக்கு மட்டுமாவது முதல் தவணை ஆடிக்குள் நிலையத்தின் கையில் இருக்கும்படி டில்லி ஒரு விதி செய்யலாம். கணக்கைத் தளர்த்த வேண்டாம். காலத்தை மாற்றினால் போதும்.

மூன்று ஆண்டு என்ற வரம்பும் யோசிக்க வேண்டிய ஒன்று. இதற்குத் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே உதாரணம் உண்டு. இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிறகு, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை விளைவிக்கும் முயற்சியில் இறங்கினார்கள். டாக்டர் கே. அழகர்சாமியின் முயற்சியால் 1973 ஜூலையில் உருண்டை முத்து கிடைத்தது. ஆனால் கடலில் சிப்பி கிடைத்தால்தானே முத்து? சிப்பிக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்வதில் வெற்றி கண்டது 1981இல். நடுவே எட்டு ஆண்டுகள். நிறுவனம் தொடர்ந்து முயன்றதால் அது நடந்தது. மூன்றாண்டு மானியத்தை நம்பி இருந்திருந்தால் முதல் முத்தோடு கோப்பை மூடியிருப்பார்கள். கடலுக்கு எட்டு ஆண்டு வேண்டியிருந்தது. மழையை நம்பிய பயிருக்கும் அவ்வளவு பொறுமை வேண்டாமா?

இனி அறிக்கைக்கு வருவோம். திட்டம் முடிந்ததும் இறுதி அறிக்கை போகிறது. எத்தனை கட்டுரை வெளிவந்தது, எத்தனை மாணவர் பட்டம் பெற்றனர், எத்தனை பேருக்குப் பயிற்சி, என்னென்ன கருவி வாங்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அது ஆங்கிலத்தில் இருக்கும், டில்லிக்குப் போகும். ஓர் ஏக்கரை விட்டுக்கொடுத்தவருக்கு அதில் ஒரு பக்கம்கூட வருவதில்லை. புது ரகம் எத்தனை குவிண்டால் கொடுத்தது, தம் பழைய ரகத்தோடு ஒப்பிட்டால் ஏக்கருக்கு லாபமா நஷ்டமா என்பதை அவர் பிறர் வாய்மொழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதிலும் தோற்றுப்போன பரிசோதனைகளின் கதை இன்னும் மோசம். 2018இல் அமெரிக்கன் படைப்புழு மக்காச்சோளத்தில் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி மாவட்டமே வெள்ளக்காடானபோதும், விவசாயிகளின் பயிர் போனது போலவே பரிசோதனை வயல்களும் தப்பியிருக்க நியாயமில்லை. அப்படிப்பட்ட வயலை ‘கைவிடப்பட்டது’ என்ற ஒரு சொல்லில் தாண்டிப் போவது ஆராய்ச்சி அறிக்கைகளின் வழக்கம். புள்ளிவிவரக் கணக்குக்கு அது உதவாதுதான். ஆனால் எந்த ரகம் தண்ணீரில் மூன்று நாள் நின்றும் பிழைத்தது, எது மறுநாளே அழுகியது என்ற செய்தி, ஜெயித்த வயலின் புள்ளிவிவரத்தைவிடச் சிறு விவசாயிக்கு அதிகம் பயன்படும்.

அமெரிக்காவில் 1887இல் ஹாட்ச் சட்டம் என்று ஒன்று வந்தது. மாநிலந்தோறும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நடத்த மத்திய அரசு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை தரும் என்பது ஏற்பாடு. அந்தச் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை எழுதப்பட்டது. நிலையங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வெளியீடு கொண்டுவர வேண்டும். அதில் ஒரு பிரதி மாநிலத்தின் ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் போக வேண்டும். கேட்கும் விவசாயிக்கும் நிலையத்தின் சக்திக்கு உட்பட்டு அனுப்ப வேண்டும். அஞ்சல் வண்டி குதிரை பூட்டி ஓடிய காலத்தில் இதை எழுதினார்கள். இந்திய வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க மாதிரியைப் பார்த்து ஏற்பட்டவை. கல்லூரியும் ஆராய்ச்சியும் விரிவாக்கமும் ஒரே கூரையின் கீழ் என்ற அமைப்பை எடுத்துக்கொண்டோம். இந்த நிபந்தனையைச் சட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை.

விஞ்ஞானிக்கு இருக்கிற எழுத்து வேலை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பாடம் நடத்தி, விலைப்புள்ளி வாங்கி, சான்றிதழ் அனுப்பி, தணிக்கைக்குப் பதில் எழுதி, மிச்ச நேரத்தில் வயலுக்குப் போகிறவர்கள் அவர்கள். கணக்கு வேலையைப் பார்க்கத் திட்டப் பணத்திலேயே ஓர் எழுத்தரை வைத்துக்கொள்ள இடம் தருவது நல்லது. ஆனால் இங்கே கேட்பது நூறு பக்கம் அல்ல. தமிழில் ஒரே ஒரு தாள். எந்த ஊர், எந்தப் பருவம், என்ன போட்டோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, செலவு எவ்வளவு. வயல் கொடுத்த விவசாயிக்கு ஒரு பிரதி, அந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒன்று, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒன்று. இந்தத் தாளின் நகல் வந்து சேர்ந்தால்தான் கடைசித் தவணை என்று நிதி கொடுக்கும் துறைகள் ஒரு வரி சேர்த்துவிட்டால் மறு பருவத்திலேயே நடக்கும்.

அந்த வரி வரும்வரை விவசாயிகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அட்மா திட்டத்தில் வட்டாரந்தோறும் விவசாயிகள் ஆலோசனைக் குழு இருக்கிறது. வாகைக்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தைப் போன்ற நிலையங்களின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு. அந்தக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் சால்வையோடும் குழுப் படத்தோடும் திரும்பிவிடாமல், சென்ற ஆண்டுப் பரிசோதனை எந்தெந்த ஊரில் நடந்தது, முடிவு என்ன என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் இதை எழுப்பலாம். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். திட்டத்தின் பெயர், ஆண்டு, பரிசோதனை நடந்த ஊர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இறுதி அறிக்கையின் நகலும் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழின் நகலும் வேண்டும் என்று இரண்டே வரி எழுதினால் போதும். ஆனியில் அனுப்பினால், பதிலைப் பார்த்துவிட்டுப் புரட்டாசிக்கு எந்த விதையை எடுப்பது என்று முடிவு செய்ய நாள் இருக்கும்.