கைராசி இல்ல மக்களே, கணக்கு!

'எனக்குச் செடி வளர்க்கிற கைராசி இல்லப்பா.' செடி பத்திப் பேச்சு எடுத்தாலே நம்ம செட்டுல முக்கால்வாசி பேர் சொல்ற டயலாக் இது. அடுத்த வரியும் ரெடியா இருக்கும்: 'எங்க ஆயா எதை நட்டாலும் வந்துடும். அவங்க கை அப்படி.'

கேட்கும்போது ஆயாவைப் பாராட்டுற மாதிரிதான் இருக்கு. ஆனா எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு. வருஷக்கணக்கா ஒரே தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஒருத்தர் கத்துக்கிட்டதை, 'ராசி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறோம். ராசின்னு சொல்லிட்டா நாம அதைக் கத்துக்க வேண்டிய அவசியமே இல்ல பாருங்க! கடலூர், சிதம்பரம் பக்கத்து வீட்டுத் தோட்டங்களையே எடுத்துக்கிட்டு, அந்த ராசிக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல மல்லி. பங்குனி தொடங்கி வெயில் காலம் முழுக்க அள்ளிக் கொடுக்கிற செடி. ஆனா அதுக்கான வேலை நடக்கிறது, பூவே இல்லாத கார்த்திகை, மார்கழியில. அப்போ தண்ணியைக் குறைச்சு, தரையில இருந்து ஒன்றரை அடி விட்டு மேல இருக்கிறதை வெட்டிடணும். மல்லி பூக்கிறது புதுசா வர்ற துளிர்லதான். வெட்டினா துளிர் நிறைய, துளிர் நிறைய இருந்தா பூ நிறைய. வெட்ட மனசு வராம வருஷம் முழுக்க தண்ணி மட்டும் ஊத்தினா, புதர் மாதிரி இலைதான் மண்டும். பங்குனியில நாம பார்க்கிற கைராசி, மார்கழியில கத்தரிக்கோல் பிடிச்ச கையோட வேலை.

அடுத்து அவரை. 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு சொல்றதை நாம மூடநம்பிக்கை லிஸ்ட்ல கூட சேர்த்திருப்போம். நம்ம வீட்டுப் பந்தல்ல ஏத்துற நாட்டு அவரை, பகல் நேரம் குறைஞ்சாதான் பூக்கும். ஆடியில விதைச்சா, மழை மாசங்கள்ல கொடி நல்லா ஓடி, பகல் சுருங்கும்போது பூ எடுத்து, பொங்கல் குழம்புக்குக் காய் வந்துடும். அதே விதையை மாசியில போட்டா பந்தல் நிறைய இலை இருக்கும், காய் இருக்காது. சாமந்தியும் இதே கேஸ்தான். ராத்திரி முழுக்க தெருவிளக்கு வெளிச்சம் விழற இடத்துல தொட்டியை வச்சா மொட்டு வர்றதே தள்ளிப்போகும். செடிக்குள்ள ஒரு லைட் சென்சார் இருக்குன்னு வச்சுக்குங்க. சென்சார்னு சொன்னா நமக்குப் புரியுது, ஆடின்னு சொன்னா புரியல.

இப்போ நாம செய்றதைப் பார்ப்போம். தை மாசம் வண்டியில ரோஜாத் தொட்டி வருது. பூவோட பார்த்ததும் வாங்கிடறோம். ஓசூர் மாதிரி, கடல் மட்டத்துல இருந்து சுமார் 3000 அடி உயரத்துல இருக்கிற குளுகுளு ஊர்ல வளர்ந்த செடியா அது இருக்கலாம். கடலூர் மொட்டை மாடிக்கு வந்து மே மாச அக்னி நட்சத்திரத்துல நிக்குது. போதாக்குறைக்கு உப்பு ஏறின போர் தண்ணி. இலை ஓரம் கருகுது. தண்ணி பத்தலைன்னு நினைச்சு அதே உப்புத் தண்ணியை இன்னும் ரெண்டு பக்கெட் ஊத்தறோம். ஜூன்ல செடி காலி. தீர்ப்பு: கைராசி இல்ல.

மண்ணையும் நாம கேட்கிறதில்ல. கடலூர்ல கடற்கரைப் பக்கம் மணல், கேப்பர் மலைப் பக்கம் செம்மண். அங்கிருந்து ஒரு மணி நேர பஸ்ல சிதம்பரம் போனா, கொள்ளிடம் பக்கத்து வண்டலும் களிமண்ணும். மணல்ல ஊத்தின தண்ணி உடனே இறங்கிடும், வெயில் காலத்துல தினமும் ஊத்தணும். களிமண் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், தினமும் ஊத்தினா வேர் அழுகும். யூடியூப்ல 'டெய்லி ஒரு மக்' சொல்றவருக்கு நீங்க எந்த மண்ணுல நிக்கிறீங்கன்னு தெரியாது. அவ்வளவு ஏன், சிதம்பரத்தோட பழைய பேரான தில்லையே ஒரு மரத்தோட பேருதான். இன்னைக்கும் பிச்சாவரத்துல உப்புச் சேத்துல ஜம்முனு நிக்குது. எந்தக் கைராசிக்காரரும் அதுக்குத் தண்ணி ஊத்தல. அதுக்கேத்த இடத்துல இருக்கு, அவ்வளவுதான்.

நம்மள மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர் மனப்பாடம். ஆனா நம்ம ஊர்ல வருஷ மழையில பாதிக்கு மேல கொட்டுறது அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். அது இந்த நாலுல எதுலயும் வராது. மழை லீவு எந்த மாசம் வரும்னு நமக்கு கரெக்டா தெரியும். அதே மாசத்துக்கு முன்னாடி தொட்டிக்குக் கீழ இருக்கிற தட்டை எடுக்கணும், தண்ணி வெளியேற ஓட்டை அடைச்சிருக்கான்னு பார்க்கணும், காத்துக்கு முதல்ல முறியற முருங்கைக் கிளையைக் கழிக்கணும். இது மட்டும் ஏன் தெரியல?

'காலநிலையே மாறிடுச்சு, இனிமே ஆடி, மார்கழி எல்லாம் செல்லுமா?'ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் வந்தப்போ அது மார்கழி பாதி. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ஞ்சு கிடந்ததை நம்ம மாவட்டத்துல யாரும் மறக்கல. 2024 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும், சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில வந்த வெள்ளம் கடலூருக்குள்ள புகுந்தது. காலண்டர் பொய்க்கிற வருஷம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஆயாக்கள் வச்சிருந்தது அச்சடிச்ச காலண்டர் இல்ல. மழை தள்ளிப்போனா நடவும் தள்ளிப்போகும், கொம்புல துளிர் வந்துச்சான்னு பார்த்துதான் உரம் வைப்பாங்க. பருவம் குழம்பற காலத்துலதான் இந்தப் பார்க்கிற பழக்கம் இன்னும் அதிகமா வேணும்.

நம்ம மாவட்டத்துல இதுக்கு உதவி இல்லாமலும் இல்ல. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவுல பாலூர்ல 1905-லேயே தொடங்கின ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இப்போ வேளாண் பல்கலைக்கழகத்தோட காய்கறி ஆராய்ச்சி நிலையம். பி.எல்.ஆர்.னு பேர் வர்ற கத்தரி ரகமெல்லாம் அங்க உருவானதுதான். சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலயே வேளாண் புலம் இருக்கு. எங்கேயோ இருந்து கொரியர்ல விதை வரவழைக்கிறதுக்கு முன்னாடி, பக்கத்து ஊர்ல நம்ம வெயிலுக்குன்னே தேர்வு செஞ்ச விதை கிடைக்குமான்னு விசாரிக்கலாமே.

இன்னும் சில மாசத்துல ஃபைனல் இயர் முடிஞ்சு பாதி பேர் சென்னை, பெங்களூரு போயிடுவோம். அங்க போய் சம்பாதிச்சு அனுப்பற பணத்துல வீட்டு வாசலுக்கு டைல்ஸ் போடுவோம், பின்னாடி தோட்டத்துல சிமெண்ட் பூசுவோம். அப்புறம் சொல்லித்தர ஆள் இருந்தாலும் காட்ட மண் இருக்காது. சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்களே, பிளான் போடும்போது சுவர் ஓரமா ரெண்டு அடி மண்ணை விட்டு வைங்க, புண்ணியமாப் போகும்.

மத்தவங்களுக்கு ஒரு சின்ன வேலை. இந்த வாரக் கடைசி வீட்டுக்குப் போனா, செடி வளர்க்கிறவங்க பக்கத்துல ஒரு நோட்டோட உட்காருங்க. அம்மாவோ, ஆயாவோ, எதிர்வீட்டு அக்காவோ, யாரா இருந்தாலும் சரி. 'எப்படி இப்படிப் பூக்குது?'ன்னு கேட்காதீங்க, சிரிச்சுட்டு சும்மா இருந்துடுவாங்க. எந்த மாசம் வெட்டுவீங்க, எப்போ தண்ணியை நிறுத்துவீங்க, எந்த மூலையில எது வராதுன்னு கேளுங்க. பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு பக்கம். ஆடி வர்றதுக்குள்ள எழுதி முடிச்சா, இந்த வருஷமே ஒரு அவரை விதை போட்டுப் பார்க்கலாம்.