இதழியல் படிப்பு: கட்டணத்துக்கு வழி உண்டு, பணி நியமனத்துக்கு?

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. வன்கொடுமை வழக்குகளில் தீர்ப்பு வரும் நாளில் செய்தியாளர்கள் அங்கே வருகிறார்கள். சாட்சிகள் பிறழும் நாளிலும், வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுபடும் ஆண்டுகளிலும் எழுத யாரும் இருப்பதில்லை. நம் பிள்ளைகள் இதழியல் படிப்பது குறித்த கேள்வியை இங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 106 பொறுப்புகள் ஆதிக்கச் சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907-இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழ’னையும் நடத்திய மரபுக்கு உரியவர்கள் நாம். எழுத ஆளில்லை என்பது இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

இராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழிலாளி வீட்டு மாணவிக்கு முதல் தடை கட்டணம். சென்னையின் பெயர்பெற்ற தனியார் நிறுவனங்களில் ஓராண்டுப் படிப்புக்கே பல லட்சம் ரூபாய் ஆகிறது. ஆசிய இதழியல் கல்லூரி தலித், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை அளிக்கிறது. ஆயினும் அது ஒரு சிலருக்கே எட்டும். பலருக்கும் எட்டக்கூடிய வழி வேறு. இளநிலையில் எந்தப் பாடமானாலும் வீட்டுக்கு அருகிலுள்ள அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் படிக்கலாம். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலோ, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ இதழியல், தொடர்பியல் துறைகளில் முதுநிலை சேரலாம். தமிழ்நாடு அரசு 2025-இல் சென்னையில் தொடங்கிய இதழியல் கல்வி நிறுவனம் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை வழங்குகிறது.

இவ்வழியில் கவனிக்க வேண்டிய சட்டச் செய்திகள் மூன்று. முதலாவது, பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஒரே நிலையில் இரண்டாவது படிப்புக்குக் கிடைக்காது. தமிழில் எம்.ஏ. முடித்தபின் இதழியலில் மற்றொரு எம்.ஏ. சேர்ந்தால் உதவித்தொகை இல்லை. ஆகவே முதுநிலையில் முதல் தேர்வே இதழியலாக இருக்கட்டும். இரண்டாவது, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92 வழிவகுத்தது. ஆனால் மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு உதவித்தொகை கிடையாது. சேர்க்கைக் கடிதத்தில் எந்த ஒதுக்கீடு என்று எழுதப்பட்டிருக்கிறது எனப் பார்த்தபின்பே கையெழுத்திட வேண்டும். மூன்றாவது, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு என்கிறது 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம். ஏற்பு பெறாத நிறுவனங்கள் பட்டம் என்று சொல்லி விற்கும் சான்றிதழுக்கு உதவித்தொகையும் இல்லை, மதிப்பும் இல்லை.

படித்து முடித்தபின் வருவதே பெரிய தடை. வட்ட அளவிலான செய்தியாளர்கள் பலருக்கு மாத ஊதியம் இல்லை. செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கோ, விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷனோதான். ஆண்ட சாதிகளின் கடைகளும் ஆலைகளும் தரும் விளம்பரத்தை நம்பிப் பிழைப்பவர், அதே சாதிகள் எதிர்த்தரப்பாக நிற்கும் வழக்கை எப்படி எழுதுவார்? நீதிமன்ற வராந்தா வெறிச்சோடிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மஜிதியா ஊதியக்குழுவின் பரிந்துரைகள் 2011-இல் அறிவிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2014-இல் அவற்றை உறுதி செய்தது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் அவை பொருந்தும் என்று 2017-இல் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், மின்னணு ஊடகச் செய்தியாளர்களையும் பகுதிநேரச் செய்தியாளர்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. நியமனக் கடிதம் தருவதை அது கட்டாயமாக்குகிறது. கேட்டுப் பெறுகிறவர்கள் இருந்தால்தான் இச்சட்டம் வராந்தாவரை வந்து சேரும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடுகிறது. அரசின் இதழியல் நிறுவனத்தில் சேரும் தலித், பழங்குடி மாணவர்களுக்காவது அது தொடர வேண்டும். சென்னையில் விடுதி இடமும் உறுதியாக வேண்டும். அரசு விளம்பரம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வட்டச் செய்தியாளர்களுக்கு நியமனக் கடிதம் தந்திருக்கிறதா என்று தொழிலாளர் துறை ஆய்வு செய்ய வேண்டும். மாணவர் அமைப்புகள் கல்லூரிதோறும் உதவித்தொகை விண்ணப்ப உதவி மையங்களை நடத்த வேண்டும். முதல் சாட்சி கூண்டில் ஏறும் நாளிலேயே குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கும் ஒருவரை ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு அனுப்ப இவை போதும்.