பிடிக்கிறதுக்கு முன்னாடி விழக் கத்துக்கோ மச்சி!

ஒரு ஜி.கே. கேள்வியோட ஆரம்பிக்கலாமா பாஸ்? 2025 ஜூனில், 'சென்னை' என்று பெயர் போட்ட ஒரு அணி, புத்தம் புது லீக் ஒன்றின் முதல் சீசனிலேயே கோப்பையைத் தூக்கியது. என்ன விளையாட்டு? மஞ்சள் ஜெர்சியை நினைச்சவங்க எல்லாம் அப்படியே உட்காருங்க. ரக்பி! ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சாம்பியன் நம்ம 'சென்னை புல்ஸ்'. ஃபைனலில் டெல்லியை 41-0 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். ஆனா மேட்ச் மொத்தமும் நடந்தது மும்பையில். அதனால அன்னிக்கு ராத்திரி அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஊசிப் பட்டாசுகூட வெடிக்கலை.

காலேஜ் கேன்டீனில் "ரக்பி தெரியுமாடா?"ன்னு கேட்டா, "ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்குவாங்களே, அதானே?" என்கிறான் ஒருத்தன். அது அமெரிக்கன் ஃபுட்பால் ராசா. ரக்பியில் ஹெல்மெட் கிடையாது. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் எடுத்துக்கிட்டு ஓடணும். எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வெச்சா 5 பாயின்ட். கையால் பாஸ் பண்ணா பின்பக்கமாத்தான் பண்ணணும். முன்னாடி ஓடிக்கிட்டே பின்னாடி கொடுக்கணும்! முதல் வாரம் எல்லாருக்கும் தலை சுத்தும். 15 பேர் ஆடுவது ஒரு வகை. 2016-ல் ஒலிம்பிக்கில் நுழைந்தது 7 பேர் ஆடும் 'செவன்ஸ்'. சென்னை புல்ஸ் ஆடினதும் அதான்.

நமக்கு ரொம்பத் தூரமான விளையாட்டுன்னும் நினைக்காதீங்க. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்னிக்கும் மோதிக்கிற கோப்பைக்குப் பேரே 'கல்கத்தா கப்'. கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப்பை மூடினப்போ, பாங்கில் மிச்சம் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து, உருக்கி, 1878-ல் செஞ்ச கோப்பை அது. கைப்பிடியில் நாகப்பாம்பு, மூடி மேலே யானை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆவடியில் இருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த கிரவுண்டை எட்டிப் பார்த்தாலும் கபடி ஆடுற பசங்க இருக்காங்க. கபடியிலும் 7 பேர், செவன்ஸிலும் 7 பேர். ரெண்டிலும் ஆளைப் பிடிச்சு மடக்கணும். அப்போ நம்ம ஏரியா ஸ்கூல் பையன் ஒருத்தனுக்கு ரக்பி சொல்லிக் கொடுத்தா என்ன ஆகும்? முதல் நாள் கோச் என்ன சொல்லித் தரணும்?

இதுக்கு நம்ம நாட்டிலேயே ஒரு பதில் இருக்கு. ஒடிசா, புவனேஸ்வர். பழங்குடிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தங்க இடமும் படிப்பும் தருகிற கலிங்கா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ். சுருக்கமா 'கிஸ்'. சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் பேர்! இன்னொரு பக்கம், கொல்கத்தாவில் பால் வால்ஷ்னு ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. மைதானத்தில் ரக்பி ஆடப் போனவர், வேடிக்கை பார்க்க வந்த ஏழைப் பசங்களைச் சேர்த்துக்கிட்டு 2004-ல் 'ஜங்கிள் க்ரோஸ்'னு ஒரு அணியை ஆரம்பிச்சார். அவரும், உள்ளூர் கோச் ருத்ராக்ஷ் ஜெனாவும் சேர்ந்து தயார் பண்ண 'கிஸ்' பசங்க 12 பேர், 2007-ல் லண்டனுக்குப் போனாங்க. 14 வயசுக்கு உட்பட்டோருக்கான சர்வதேசப் பள்ளிப் போட்டி. ஃபைனலில் தென்னாப்பிரிக்க அணியைச் சாய்ச்சு கோப்பையோட திரும்பினாங்க. 2022-ல் 'ஜங்கிள் க்ரை'ன்னு இந்தியில் படமே வந்தது. அபய் தியோல்தான் ஜெனா.

படம் எடுக்க அந்தக் கோப்பை போதும். எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் நடந்த கதை. கப் ஜெயிச்சதும் கடையை மூடலை, பெண்களுக்கும் ரக்பி சொல்லிக் கொடுத்தாங்க. அங்கே வளர்ந்த சுமித்ரா நாயக் 2019 ஜூனில் மணிலாவில் இந்தியாவுக்கு ஆடினார். 15 பேர் ஆடும் ரக்பியில் அதுவரை ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத இந்தியப் பெண்கள் அணி, சிங்கப்பூரை 21-19னு ஜெயிச்சது. கடைசி நேரத்தில் அந்த பெனால்ட்டியை உதைச்சது சுமித்ராதான்.

இப்போ முதல் நாள் பாடம். நீங்க நினைக்கிற மாதிரி 'போய் மோது' கிடையாது. விழறது எப்படின்னுதான் பாடம். நாடியை நெஞ்சோட ஒட்டி, கையை ஊனாம, தோளில் உருண்டு விழணும். அப்புறம்தான் டேக்கிள். அதுவும் முட்டி போட்டுக்கிட்டு! ரெண்டு பேரும் முட்டி போட்டபடி பிடிச்சுப் பழகுவாங்க. அடுத்து, பந்து வெச்சிருக்கிறவன் நடப்பான், பிடிக்கிறவன் மட்டும் முட்டியில். அப்புறம் ரெண்டு பேரும் நடை. அப்புறம் மெதுவா ஓட்டம். முழு வேகம் வர்றதுக்குள்ளே வாரக்கணக்கு ஓடிடும்.

இதில் உயிர் போற விஷயம், தலையை எங்கே வைக்கிறதுன்னு. எதிராளியோட முன்பக்கம் தலை போச்சுன்னா, அவன் முட்டியும் இடுப்பும் நேரா மண்டையில் இறங்கும். அதனால தலை அவனுக்குப் பின்பக்கமா இருக்கணும். கோச்சுங்க பாஷையில், 'உன் கன்னம் அவன் பின்பக்கத்தில் ஒட்டணும்'. கேட்க காமெடியா இருக்கும். கழுத்தைக் காப்பாத்துற காமெடி. கண் மேலே பார்க்கணும். குனிஞ்சு தரையைப் பார்த்தா உச்சந்தலைதான் முதல்ல போய் இடிக்கும்.

கபடிக்காரனுக்கு இங்கேதான் சிக்கல். ஆங்கிள் ஹோல்ட், தை ஹோல்ட் எல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. தாழ்வாப் பிடிக்கிறது ரத்தத்திலேயே இருக்கு. ஆனா கபடியில் பிடிச்சா விடக்கூடாது. ரக்பியில், விழுந்த அடுத்த நொடி விட்டுடணும். இதை என் கபடி ஃப்ரெண்ட்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "விடறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?"

அடுத்து, நம்ம ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் பேப்பரைக் கொஞ்சம் தூசி தட்டுங்க. அரை எம் வி ஸ்கொயர்! எட்டாங் கிளாஸில் 40 கிலோ பையன் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினா 500 ஜூல். அதே பெஞ்சில், மீசை முளைச்ச 70 கிலோக்காரன் 6 மீட்டர் வேகத்தில் வந்தா 1,260 ஜூல். ரெண்டரை மடங்கு! பர்த் சர்டிஃபிகேட்டில் ரெண்டு பேரும் ஒரே வயசு. உடம்புக்கு அது தெரியாதே. இதனாலதான் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பசங்களுக்கு எடை வரம்பு வெச்ச பிரிவுகள் இருக்கு. நம்ம ஊர் கபடிப் போட்டி நோட்டீஸிலும் எடைக் கணக்கு பார்த்திருப்பீங்க. அதே அறிவுதான்.

அவசரக்கார கோச் என்ன பண்ணுவார்? அந்த 70 கிலோவைப் பிடிச்சு, பந்தைக் கையில் கொடுத்து, "நேரா ஓடு"ன்னு சொல்லிடுவார். ஸ்கூல் கப் கன்ஃபார்ம். பையனுக்கு பாஸ் பண்ணத் தெரியாது, ஏமாத்தி ஓடத் தெரியாது, தேவையே இல்லையே! பதினெட்டு வயசில் மத்தவங்களும் வளர்ந்து அவன் உயரத்துக்கு வந்து நிப்பாங்க. அப்போ அவன்கிட்ட வேற சரக்கு இருக்காது. பதிமூணு வயசில் பெஞ்சில் உட்காரவெச்ச குட்டிப் பையனோ எப்பவோ ஆட்டத்தை விட்டுட்டுப் போயிருப்பான். ஒரே கப்புக்கு ரெண்டு பேர் காலி. இது ரக்பிக்கு மட்டுமா? நம்ம ஸ்கூல்ல ஃபாஸ்ட் பௌலரைத் தேர்ந்தெடுத்த விதத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

இலங்கையில் இந்தக் கப் ஜுரம் நூறு டிகிரிக்கு மேலே. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945-ல் இருந்து மோதுகிற பிராட்பி ஷீல்டுக்கு, பழைய மாணவர்கள் கொடியோட திரண்டு வருவாங்க. ஸ்கூல் மேட்சுக்கு அவ்வளவு கூட்டம்! பொறாமையா இருக்கு, உண்மைதான். அந்தச் சத்தத்துக்கு நடுவில், தலையில் அடிபட்ட ஒரு பையனை "வெளியே வா"ன்னு கூப்பிட எவ்வளவு தில் வேணும்னும் தோணுது.

2011-ல் வடக்கு அயர்லாந்தில் ஒரு ஸ்கூல் மேட்ச். 14 வயசுப் பையன். தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடினான். மறுபடி அடி. இறந்துட்டான். மூளை முதல் அதிர்ச்சியில் இருந்து மீள்றதுக்குள்ளே இன்னொண்ணு விழுந்தா சின்ன வயசில் இப்படி ஆகலாம். மயக்கம் போட்டு விழணும்னு அவசியமே இல்லை. பார்வை மந்தமானாலோ, ஸ்கோர் மறந்துபோனாலோ, சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்கணும், அன்னிக்குத் திரும்ப இறக்கவே கூடாது. இன்னிக்கு உலகம் முழுக்க இதான் விதி. "ஒண்ணுமில்ல சார், நான் ஆடுறேன்"னு பையன் சொல்வான். அந்த வயசில் நீங்களும் நானும்கூட அதைத்தான் சொல்லியிருப்போம். அதனால முடிவு அவன் கையில் இருக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 2023-ல் கிளப், ஸ்கூல் ஆட்டங்களில் டேக்கிளோட உயரத்தை மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழே இறக்கினாங்க. ஸ்க்ரம்மில், அதான் எட்டு எட்டுப் பேரா கோத்துக்கிட்டுத் தள்ளுவாங்களே, அதில் 19 வயசுக்கு உட்பட்டவங்க ஒன்றரை மீட்டருக்கு மேலே தள்ளக்கூடாது. 7, 8 வயசுப் பிரிவுக்கு அங்கே டேக்கிளே கிடையாது. இடுப்பில் ரெண்டு துணிப்பட்டையைச் செருகிக்கணும். எதிராளி ஒண்ணை உருவிட்டா நீ அவுட்டான மாதிரி, பந்தைப் பாஸ் பண்ணிடணும். யாரும் யாரையும் இடிக்கிறதில்லை. ஓட்டமும், ஏமாத்துறதும், பின்பக்க பாஸும் மட்டும்தான். குட்டிப் பையன்தான் இங்கே ராஜா, ஏன்னா அவன் இடுப்பு கைக்கு எட்டாது.

நம்ம ஏரியாவில் யாராவது பி.டி. மாஸ்டர் ஆரம்பிக்கணும்னா இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பழைய வேட்டி ஒண்ணைக் கிழிச்சா ரெண்டு டீமுக்கும் பட்டை ரெடி. பந்து மட்டும் ஒண்ணு வாங்கணும். அப்புறம், கணக்கு சார் சிலபஸ் முடிக்க வாங்கிக்கிட்டுப் போன பி.டி. பீரியடைத் திரும்ப வாங்கணும். அந்த டேக்கிளை எங்க ஸ்கூல்ல கடைசி வரைக்கும் யாராலும் போட முடியலை!