நிமிஷத்துக்கு நூறு ரூபாய்! ஸ்டால் போடும் வியாபாரிகள் விழித்துக்கொள்வார்களா?

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கண்காட்சி என்றால் போதும். அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பட்டறைக்காரர்கள் மத்தியில் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது.

"இந்த வருஷம் நாமளும் ஒரு ஸ்டால் போட்டுடணும்" என்று கிளம்பி விடுகிறார்கள்.

கையில் பணம் இருக்கிறதா? சில பேரிடம் இருக்கிறது. மற்றவர்கள் கடன் வாங்குகிறார்கள். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போவதும் உண்டு.

மூன்று நாள் தடபுடல். கலர் விளக்கு, பேனர், புதுச் சட்டை. நாலாம் நாள் பட்டறையில் பழையபடி ஈ ஓட்டுகிறார்கள்.

ஆர்டர் வந்ததா? வரவில்லை. "கண்காட்சியே சுத்த வேஸ்ட்" என்று டீக்கடையில் பேச்சு.

கண்காட்சி வேஸ்ட் அல்ல. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் பணத்தைக் கொட்டுவதுதான் வேஸ்ட்!

மீட்டர் ஓடுகிறது

கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

சாதாரணமாக ஒரு சின்ன ஸ்டால் என்பது 3 மீட்டருக்கு 3 மீட்டர். அதாவது 9 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ரூ.10 ஆயிரம் வாடகை என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வாடகை ரூ.90 ஆயிரம். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.16 ஆயிரத்து 200. மொத்தம் ரூ.1 லட்சத்து 6 ஆயிரத்து 200.

அதோடு முடிந்ததா? மெஷினை ஏற்றி இறக்க வண்டி வாடகை. பேனர், நோட்டீஸ், கார்டு அச்சுக் கூலி. ஆட்களுக்குச் சாப்பாடு, பேட்டா. எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை லட்சத்தில் வந்து நிற்கும்.

மூன்று நாள். நாளைக்கு 8 மணி நேரம். மொத்தம் 24 மணி நேரம். ஒன்றரை லட்சத்தை 24-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.6 ஆயிரத்து 250. நிமிஷத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல்!

அந்த ஸ்டாலில் உட்கார்ந்திருக்கும் பையன் செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறான். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பொருட்காட்சி வேறு, இது வேறு

தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போகிறவர்கள் யார்? குடும்பத்தோடு போகிறார்கள். ராட்டினம் சுற்றுகிறார்கள். டெல்லி அப்பளம் சாப்பிடுகிறார்கள். அங்கே கடை போடுபவர் அன்றன்றைக்கு விற்று, அன்றன்றைக்குக் கல்லாவை எண்ணலாம்.

வர்த்தக மையம் அப்படி அல்ல. மத்திய அரசின் இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனமும், தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கி, 2001-ல் திறக்கப்பட்ட இடம் அது. அங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் 'ஆக்மி' மெஷின் கண்காட்சி மாதிரி தொழில் கண்காட்சிகளுக்கு வருகிறவர்கள் கம்பெனிக்காரர்கள். பர்ச்சேஸ் மேனேஜர், என்ஜினீயர், முதலாளி.

அவர்கள் பையில் பணத்தை வைத்துக்கொண்டு வருவதில்லை. பார்க்கிறார்கள். விசாரிக்கிறார்கள். போய் விடுகிறார்கள். பிறகு கொட்டேஷன் கேட்கிறார்கள். சாம்பிள் கேட்கிறார்கள். பட்டறையை நேரில் வந்து பார்க்கிறார்கள். ஆர்டர் வர இரண்டு மாதம் ஆகலாம். ஆறு மாதமும் ஆகலாம்.

ஆகவே ஸ்டாலில் வியாபாரம் முடிவதில்லை. தொடங்குகிறது. இது புரியாதவர்தான் மூன்றாம் நாள் சாயங்காலமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்.

வாட்ஸ்அப் போதாதா?

"இந்தக் காலத்தில் வாட்ஸ்அப் இருக்கு, வெப்சைட் இருக்கு. ஸ்டால் எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பெரிய கம்பெனி வாசலுக்குப் போனால் வாட்ச்மேன் விடுவதில்லை. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு விட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். "சார் மீட்டிங்கில் இருக்கார்" என்று பதில் வரும். அதே பர்ச்சேஸ் மேனேஜர் கண்காட்சியில் தானாக நடந்து வருகிறார். உதிரிபாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். ஓரத்தை விரலால் தடவுகிறார். "இதை யார் செஞ்சது?" என்று கேட்கிறார்.

செல்போன் படம் இந்த வேலையைச் செய்யாது. கண்காட்சி வேண்டும். ஆனால் தயாராகப் போக வேண்டும்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது போல

பத்திரிகை வைக்காமல் யாராவது கல்யாணம் நடத்துவார்களா? ஸ்டால் போடுகிறவர்களில் பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். யாருக்கும் சொல்வதில்லை. கூட்டம் தானாக வரும் என்று காத்திருக்கிறார்கள்.

கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து, தனக்கு வேண்டிய 30 கம்பெனிகளின் பெயரை எழுத வேண்டும். பழைய வாடிக்கைக்காரர்கள், விட்டுப் போனவர்கள், பிடிக்க வேண்டியவர்கள் எல்லோரையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஹால் எண், ஸ்டால் எண்ணோடு தகவல் அனுப்ப வேண்டும். போன் போட்டு, "சார், ரெண்டாம் நாள் பதினோரு மணிக்கு வர முடியுமா?" என்று நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

30 பேரில் 10 பேர் வந்தாலே போதும். தற்செயலாக வரும் நூறு பேரை விட அந்த 10 பேர் பெரிது.

கண்காட்சி நடத்துகிறவர்கள் ஸ்டால்காரர்களுக்கு ஒரு விதிப் புத்தகம் தருகிறார்கள். அதைப் பல பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வாடகையோடு கிடைப்பது பெரும்பாலும் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சில விளக்கு, ஒரு பிளக் பாயின்ட், பெயர்ப் பலகை. அவ்வளவுதான். மெஷின் ஓட்ட தனி கரண்டு வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இல்லாவிட்டால் மெஷின் ஓடாமல் பொம்மை மாதிரி நிற்கும்.

9 சதுர மீட்டருக்குள்

பட்டறையில் செய்யும் நாற்பது சாமானையும் கொண்டு வந்து பரப்பக் கூடாது. எது தனக்கு நன்றாக வருமோ அந்த நாலைந்து போதும்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை வைக்க வேண்டும். என்ன உலோகம், எவ்வளவு துல்லியம், மாதம் எத்தனை செய்ய முடியும், எத்தனை நாளில் டெலிவரி. பர்ச்சேஸ் மேனேஜர் கேட்கிற கேள்வி இவ்வளவுதான்.

பேனரில் சாமி படம், முதலாளி படம், தாத்தா படம் போட்டு விட்டு, என்ன செய்கிறோம் என்பதை மூலையில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். நடந்து போகிறவர் நாலு அடி தூரத்தில் இருந்து படிக்க வேண்டாமா? "வால்வு பாகங்கள் செய்து தருகிறோம்" என்று பெரிய எழுத்தில் இருந்தால், வால்வு கம்பெனிக்காரர் நிற்பார். மற்றவர் போய் விடுவார். போகட்டும். அவரால் லாபம் இல்லை.

மேஜையை வாசலில் குறுக்கே போட்டு, அதன் பின்னால் உட்காருவதும் தவறு. அது ஸ்டாலா, ரேஷன் கடையா? மேஜையை ஓரமாகத் தள்ளி விட்டு நின்று பேச வேண்டும்.

யார் நிற்பது என்பது முக்கியம். விலையும் தெரிந்து, வேலையும் தெரிந்த ஆள் நிற்க வேண்டும். "ஓனர் சாப்பிடப் போயிருக்கார், அப்புறம் வாங்க" என்ற பதிலைக் கேட்டவர் திரும்பி வருவதில்லை. இரண்டு பேர் வேண்டும். மாற்றி மாற்றிச் சாப்பிடப் போக வேண்டும்.

பேனாவுக்கு வந்த கூட்டம்

இலவசமாகப் பேனா, சாக்லெட், துணிப்பை கொடுத்தால் கூட்டம் அலைமோதும். ஸ்டால்காரருக்கு ஏக குஷி. ஆனால் பை வாங்க வந்தவர் பையோடு போய் விடுவார். அந்த நெரிசலைப் பார்த்து விட்டு, உண்மையாக வாங்க வந்தவர் அடுத்த ஸ்டாலுக்குப் போய் விடுவார்.

வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. "சார், உங்க கம்பெனியில் என்ன செய்றீங்க?" பதிலைக் கேட்ட அரை நிமிஷத்தில் தெரிந்து விடும், ஆள் வாங்கக் கூடியவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று. வாங்கக் கூடியவருக்கு நாற்காலி. மற்றவருக்கு ஒரு வணக்கம், ஒரு நோட்டீஸ்.

கார்டு மூட்டை

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இதுதான்!

மூன்று நாளில் இருநூறு விசிட்டிங் கார்டு சேர்கிறது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி டிராயரில் வைக்கிறார்கள். பட்டறையில் தேங்கின வேலை கழுத்தைப் பிடிக்கிறது. பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால் யார் என்ன கேட்டார் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை.

ஒன்றரை லட்ச ரூபாயும் அந்த ரப்பர் பேண்டுக்குள்தான் முடங்கிக் கிடக்கிறது!

நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று போதும். வந்தவர் நகர்ந்ததும் எழுத வேண்டும். பெயர், கம்பெனி, எந்தப் பாகம், மாதம் எத்தனை, எப்போது தேவை, யார் முடிவு எடுப்பவர். தினமும் ராத்திரி அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். உடனே வாங்கக் கூடியவர், யோசிப்பவர், சும்மா கேட்டவர்.

முதல் வகைக்கு மறுநாளே தகவல் போக வேண்டும். கொட்டேஷன் இரண்டு நாளில் போக வேண்டும். இரண்டாம் வகைக்கு ஒரு வாரத்துக்குள் போன். இதற்காகவே கண்காட்சி முடிந்த பிறகு ஒரு வாரம் ஒரு ஆளை ஒதுக்க வேண்டும். சாம்பிள் செய்து அனுப்பக் கொஞ்சம் பணமும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு வாரத்துக்கு ஆளும் பணமும் ஒதுக்க முடியாதவர் ஸ்டாலே போட வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

பணம் எப்போது வரும்?

ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் கேட்க மறக்கும் கேள்வி இது. பெரிய கம்பெனிக்கு வேலை செய்து விட்டு நாலு மாதம் பணத்துக்கு நடந்தவர்கள் எத்தனை பேர்!

2006-ம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கினவர் பேசிய தேதிக்குள் பணம் தர வேண்டும். எப்படிப் பேசினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி! இந்தப் பாதுகாப்புக்கு உத்யம் பதிவு அவசியம். பதிவு நம்பரைக் கொட்டேஷனிலேயே அச்சடித்து விட வேண்டும். பார்த்த உடனே எதிராளிக்குப் புரியும்.

ஸ்டால் வாடகைக்கும் உதவி உண்டு. உத்யம் பதிவு உள்ள சிறு தொழில்களுக்கு, குறிப்பிட்ட கண்காட்சிகளில், வாடகையில் ஒரு பகுதியை மத்திய அரசு திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்குக் கூடுதல் சலுகை. ஸ்டாலுக்குப் பணம் கட்டும் முன்பே கிண்டியில் உள்ள மத்திய சிறுதொழில் அலுவலகத்திலோ, மாவட்டத் தொழில் மையத்திலோ விசாரிக்க வேண்டும். முடிந்த பிறகு போய் நின்றால் பலன் இருக்காது.

முதல் வருஷம் வேடிக்கை

புதிதாக இறங்குகிறவர் முதல் வருஷம் ஸ்டால் போடாமல் போய்ச் சுற்றிப் பார்க்கட்டும். எந்த ஹாலுக்கு யார் வருகிறார்கள், போட்டியாளர் என்ன காட்டுகிறார், எந்த மூலை காற்று வாங்குகிறது என்று பார்க்கட்டும். செருப்பு தேயுமே தவிர, சொத்து தேயாது.

அடுத்த வருஷம் தனியாகவும் போட வேண்டியதில்லை. லேத் வேலைக்காரர், பிளேட்டிங் வேலைக்காரர், ஹீட் டிரீட்மென்ட் செய்பவர் என்று போட்டி இல்லாத மூன்று பேர், நடத்துகிறவரின் சம்மதத்தோடு ஒரே ஸ்டாலில் சேரலாம். செலவு மூன்றில் ஒரு பங்கு. வருகிறவருக்கும் மூன்று வேலை ஒரே இடத்தில்!

சங்கங்கள் என்ன செய்கின்றன?

பழி முழுவதும் பட்டறைக்காரர் தலையில் விழக் கூடாது. ஸ்டால் விற்கும் வரை நாளைக்கு மூன்று போன் வருகிறது. பணம் கட்டிய பிறகு போனை எடுக்க ஆள் இல்லை.

கண்காட்சி நடத்துகிறவர்கள் வாடகையோடு அரை நாள் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? எந்தத் தொழில்காரர்கள் எத்தனை பேர் போன தடவை வந்தார்கள் என்ற கணக்கைப் பணம் வாங்கும் முன்பே காட்டினால் என்ன? தொழிற்பேட்டை சங்கங்கள் பத்துச் சின்னப் பட்டறைகளைச் சேர்த்து ஒரே பந்தல் போட்டால் என்ன?

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் வந்தது. அம்பத்தூர் 1960-களில் வந்தது. தலைமுறை தலைமுறையாக இங்கே இரும்பை இழைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வேலைத் திறமைக்குக் குறைவில்லை. செய்ததை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த கண்காட்சிக்கு ஸ்டால் விற்பனை தொடங்கும் முன் சங்கங்கள் முதல் வகுப்பை நடத்தட்டும். பட்டறைக்காரர்கள் செக்கில் கையெழுத்துப் போடும் முன் நாற்பது ரூபாய் நோட்டை வாங்கட்டும்!