காலியாக இருக்கும் இடம்



'ஸ்லாட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், "உண்டியலில் காசு போடும் துளை" என்று உடனே சொல்லிவிடுவோம். அது சரியே. ஆனால் இச்சிறு சொல் துறைக்குத் துறை வேறு வேடம் பூணுகிறது.

இடைக்கால ஆங்கிலத்தில் அது நெஞ்சின் நடுவே உள்ள பள்ளத்தைக் குறித்தது. வேட்டைக்காரர்களோ மானின் குளம்புச் சுவட்டை அப்பெயரால் அழைத்தனர். கணிப்பொறியில் அது நினைவகப் பலகையைச் செருகும் இடம். கைபேசியில் சிம் அட்டையின் இருப்பிடம். விமான நிலையத்திலோ அது இடமே அன்று, நேரம்! விமானம் இறங்கவும் புறப்படவும் ஒதுக்கப்படும் வேளை அது. விண்வெளியில், நிலநடுக்கோட்டிற்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், செயற்கைக்கோளுக்குக் குறிக்கப்படும் இடமும் ஸ்லாட்தான்.

இவற்றுள் பலவற்றிற்கும் பொதுவானது எது? ஒன்றன் வருகைக்காகக் காத்திருக்கும் காலியிடம் என்பதே. அக்காலியிடத்தை உலகம் வீணாக விடுவதில்லை. நெரிசல் மிக்க விமான நிலையங்களில், தனக்குக் கிடைத்த வேளைகளில் நூற்றுக்கு 80 பங்கையாவது பயன்படுத்தாத நிறுவனம், அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அவ்வுரிமையை இழக்க நேரிடும். விண்வெளி இடத்திற்கு விண்ணப்பித்த நாடும் 7 ஆண்டுகளுக்குள் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

வெறும் வானத்திற்கே இத்தனை கண்டிப்பு! நம் வகுப்பறைக்கு?

எங்கள் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் ஓர் இடம் காலியாக உள்ளது. அங்கிருந்த தோழி ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லையாம். கணக்கில் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள். விமானம் வராவிட்டால் அவ்வேளை வேறொரு விமானத்திற்குப் பயன்படும். அவள் விட்டுச்சென்ற இடமோ யாருக்கும் பயன்படவில்லை; அவளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

எனவே பெற்றோரை நாங்கள் பணிவுடன் வேண்டுகிறோம். வீட்டுச் சுமையைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் ஆயத்தம். ஆனால் அதற்கு விலையாக எங்கள் பள்ளி இடத்தைக் கேளாதீர்கள்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. இடம் கிடைத்தும் சன்னல் வழியே வேடிக்கை பார்த்துப் பொழுதைக் கழித்தால், நம் இடமும் காலியிடம்தானே? அமர்ந்திருப்பது மட்டும் போதாது, அதை நிறைப்போம்.